கோட்டையும் லயமும்

ஸ்காட்லாந்து நாட்டுக்கு உல்லாசக் கப்பலில் செல்லும் பயணிகளுக்குக் கிரீனக் துறைமுகத்தில் ஒரு பகற்பொழுது வாய்க்கும். காலையில் கப்பல் கரையணைந்ததும் வழிகாட்டியோடு பேருந்துகள் காத்து நிற்கும். மாலைக்குள் கோட்டைகளையும் நினைவுச் சின்னங்களையும் கண்டு மீளவேண்டும். அவ்வுலாவில் சிறப்பிடம் பெறுவது ஸ்டர்லிங் கோட்டை. 1297இல் வில்லியம் வாலஸ் ஆங்கிலப் படையைப் பாலத்தருகே முறியடித்ததும், 1314இல் இராபர்ட் புரூஸ் பேனக்பர்ன் களத்தில் வாகை சூடியதும் இக்கோட்டையின் அருகில்தான். அங்கிருந்து சில மைல் தொலைவில், டீத் ஆற்றங்கரையில் டூன் கோட்டை நிற்கின்றது. மன்னருக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ஆல்பனி கோமகன் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியது அது.

டூன் கோட்டைக்கு ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், ஆற்றின் மறுகரையில், டீன்ஸ்டன் என்றொரு சிற்றூர் உண்டு. 1785இல் அங்கே ஒரு பருத்தி ஆலை தோன்றியது. 1808இல் அதைக் கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் பின்லே நிறுவனம் வாங்கிற்று. அந்நிறுவனத்தின் தலைவராய் விளங்கிய சர் ஜான் மியூர் 1892இல் பெற்ற பட்டமும் டீன்ஸ்டன் பெயரையே தாங்கியது. ஆலை 1965இல் மூடப்பட்டு, அக்கட்டடம் பின்னர் விஸ்கி வடிசாலையாயிற்று. கோட்டை காண வந்தோர் பலர் இவ்வூரின் பெயரையும் அறியாது திரும்புவர். ஆனால் தமிழராகிய நாம் அவ்வாறு திரும்புதல் தகாது. பின்லே என்னும் பெயர் நம் மலைகளிலும் எழுதப்பட்ட பெயரன்றோ!

பாண்டியர் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பூஞ்சாற்று அரசர், 1877ஆம் ஆண்டு, கண்ணன் தேவன் மலையில் இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட காட்டினை ஜான் டேனியல் மன்றோ என்பாருக்குக் குத்தகைக்கு அளித்தார். முதலில் காப்பியும் சிங்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தனர். முடிவில் நிலைத்தது தேயிலையே. 1890களில் பின்லே நிறுவனம் இம்மலைக்கு வந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. ஸ்காட்லாந்தில் பதிவு பெற்ற அந்நிறுவனத்தின் செல்வம் விளைந்த இடம் மூணாறு.

அச்செல்வத்தை விளைவித்தோர் யாவர்? மதுரைச் சீமையிலும் நெல்லைச் சீமையிலும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் இளைத்த மக்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்ட, போடிமெட்டு, குரங்கணி ஆகிய மலைவழிகளில் மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் நடந்தே ஏறினர். அவர்கள் உண்ட அரிசியும் போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்தே மேலேறியது. தேயிலைப் பெட்டிகளோ, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதை வழியே டாப் ஸ்டேஷனை அடைந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அவ்விருப்புப்பாதையை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. அதனை மீண்டும் அமைப்பார் இல்லை.

இன்று போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டுச் சோதனைச் சாவடி. அதற்கப்பால் கேரளம். பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு சென்றால், அங்கும் வழிகாட்டிகள் உளர். 1910இல் அடிக்கல் நாட்டிய கிறிஸ்து ஆலயத்தைக் காட்டுவர். அதன் பின்புறம், 1894இல் வாந்திபேதியால் மாண்ட ஓர் ஆங்கில இளநங்கையின் கல்லறையைக் காட்டுவர். துரைமார் கூடிய ஹை ரேஞ்ச் மன்றத்தையும், சரிவுகளில் நிற்கும் பங்களாக்களையும் காட்டுவர். காட்டுவதில் குறையில்லை. ஆயின் தேயிலைச் சரிவுகளுக்கிடையே வரிசை வரிசையாய்க் கிடக்கும் லயங்களின் முன்னே வண்டி நிற்பதில்லை.

இங்கே ஸ்காட்லாந்தையே சான்றாகக் காட்டலாம். கிரீனக் துறையில் கடலைச் சேரும் கிளைடு ஆற்றின் மேற்பகுதியில் நியூ லனார்க் என்னும் ஆலைக் குடியிருப்பு உள்ளது. அங்கே 1786இல் பருத்தி ஆலை இயங்கத் தொடங்கிற்று. பின்னர் இராபர்ட் ஓவன் அதனை நிருவகித்து, தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கூலித் தொழிலாளர் வாழ்ந்த அவ்வரிசை வீடுகள் 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. அரசர் வாழ்ந்த கோட்டையும் உழைப்பாளர் வாழ்ந்த குடிலும் அந்நாட்டார்க்கு இன்று ஒருங்கே வரலாறாகும்.

நம் லயங்களின் நிலை வேறு. 1983இல் நிறுவனம் டாட்டா டீ எனப் பெயர் பெற்றது. 2005இல் தொழிலாளரும் பங்குதாரராயினர். எனினும் பணி முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்னும் நியதி மாறவில்லை. மூன்று நான்கு தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்துக்கும் காலூன்ற ஒரு சாண் நிலம் சொந்தமில்லை. 2015இல் பெண்கள் தாமே திரண்டு நடத்திய வேலைநிறுத்தம் அவர்தம் கூலியின் சிறுமையை நாடறியச் செய்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டவரும் கிடைக்காமற் போனவருமாக எழுபது பேர். அவருள் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. பாட்டன் பிறந்த ஊரிலும் வீடில்லை. தாம் பிறந்த ஊரிலும் நிலமில்லை.

கோட்டைகளைக் காணப் பொருள் செலவிட்டுக் கடல் கடக்கும் வாய்ப்பு நம்முள் சிலர்க்கே உண்டு. போடிமெட்டு ஏறும் வாய்ப்பு, விடுமுறைக்கு ஊர் வரும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் உண்டு. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டவர் என்ற வகையில் அவர்களும் நம்மினத்தாரே. அவர்கள் மலை ஏறினர். நாம் இரயில் ஏறினோம். கிறிஸ்து ஆலயத்தைக் காட்டும் நாளில், லயத்தையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அங்கு வாழ்ந்து மூத்தோரின் பெயர்களையும், அவர்கள் கிளம்பி வந்த ஊர்களையும் கேட்டு எழுதி வைப்போம். கல்வெட்டு இல்லாத வரலாற்றுக்கு ஏட்டிலேனும் இடம் வேண்டும். அதை எழுதவல்ல முதியோர் நினைவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றது.