ஆர்த்தடாக்ஸ் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை: விசுவாச அறிக்கையும் மனச்சாட்சியும்

ஆர்த்தடாக்ஸ் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1936-ஆம் ஆண்டு தோன்றிய ஒரு சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபை ஆகும். பெயரில் 'ஆர்த்தடாக்ஸ்' என்ற சொல் இருந்தாலும் கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழைய உபதேசத்தை மாற்றாமல் காத்துக்கொண்ட சபை என்பதே இங்கு அதன் பொருள். இச்சபையின் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 30,000 மட்டுமே. ஆனால் இது பிறந்த விதம் எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஒரு கேள்வியை முன்வைத்தது. ஒரு திருச்சபையின் போதகரை எது கட்டுப்படுத்த வேண்டும்: அவர் வாக்குறுதி கொடுத்து ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கையா, பெரும்பான்மை வாக்கால் பேரவை பிறப்பிக்கும் ஆணையா?

பின்னணி

'பிரெஸ்பிட்டர்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்பது பொருள். பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் பேராயர் இல்லை. ஒவ்வொரு சபையையும் மூப்பர்கள் நடத்துவர். பல சபைகள் சேர்ந்தது வட்டார மூப்பர் மன்றம். எல்லா மன்றங்களுக்கும் மேலாக ஆண்டுதோறும் கூடுவது பொதுப் பேரவை.

இச்சபைகளின் உபதேச அடிப்படை வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1643-இல் கூட்டிய இறையியலாளர் சபை இதை 1646-இல் எழுதி முடித்தது. இதில் 33 அதிகாரங்கள் உள்ளன. உடன் எழுதப்பட்ட குறு வினாவிடையில் 107 கேள்விகளும், பெரு வினாவிடையில் 196 கேள்விகளும் உள்ளன. அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியர்கள் 1729-இல் இவற்றை ஏற்றுக்கொண்டனர். போதகராக அபிஷேகம் பெறுபவர், வேதம் போதிக்கும் உபதேச முறைமை இந்த அறிக்கையில் அடங்கியுள்ளது என்று மனப்பூர்வமாக ஏற்பதாகச் சபையார் முன் வாக்குறுதி கொடுக்க வேண்டும். பின்னர் எழுந்த பூசல் முழுவதும் இந்த வாக்குறுதியைச் சுற்றியே நிகழ்ந்தது.

ஐந்து கோட்பாடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலிருந்து பரவிய வேத விமர்சனம், அமெரிக்க இறையியல் கல்லூரிகளிலும் வேரூன்றியது. கன்னிப்பிறப்பை உறுதியாகச் சொல்ல மறுத்த மாணவர்களுக்கு நியூயார்க் வட்டார மன்றம் பிரசங்க உரிமை வழங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. அதற்கு விடையாக 1910-ஆம் ஆண்டின் பொதுப் பேரவை ஐந்து கோட்பாடுகளை இன்றியமையாதவை என அறிவித்தது. அவை:

1. வேதாகமம் பிழையற்றது.
2. இயேசு கன்னியிடத்தில் பிறந்தார்.
3. அவர் பாவிகளுக்குப் பதிலாகத் தம்மைப் பலியாக ஒப்புக்கொடுத்து தேவநீதியை நிறைவேற்றினார்.
4. பாடுபட்ட அதே சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார்.
5. அவர் செய்த அற்புதங்கள் மெய்யானவை.

1916-லும் 1923-லும் பேரவை இதை மீண்டும் உறுதிப்படுத்தியது. இடையில், 1922 மே மாதம், நியூயார்க்கின் முதல் பிரெஸ்பிட்டேரியன் சபையில் பணியாற்றிய பாப்டிஸ்ட் போதகர் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக், அடிப்படைவாதிகள் வெல்வார்களா என்று கேட்டுச் செய்த பிரசங்கம் அச்சிடப்பட்டு நாடெங்கும் பரவியது. மாறுபட்ட கருத்துடையோர் ஒரே சபையில் இருக்க இடம் வேண்டும் என்பதே அவர் வாதம்.

ஆபர்ன் அறிக்கை

1924 ஜனவரியில் ஆபர்ன் அறிக்கை வெளியானது. முதலில் 150 போதகர்கள் கையெழுத்திட்டனர். சில மாதங்களில் அந்த எண்ணிக்கை 1,200-ஐத் தாண்டியது. இந்த அறிக்கையில் இரண்டு வாதங்கள் உள்ளன. அவற்றைத் தனித்தனியே பார்ப்பது நல்லது.

முதலாவது உபதேசம் பற்றியது. கிறிஸ்துவின் மனித அவதாரம், பாவநிவாரணம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றைத் தாங்கள் நம்புவதாகக் கையெழுத்திட்டோர் கூறினர். ஆனால் பேரவையின் ஐந்து கோட்பாடுகள் அவற்றை விளக்கும் கொள்கைகளில் சில மட்டுமே என்றனர். வேதாகமம் பிழையற்றது என்ற கூற்று வேதத்திலும் இல்லை, விசுவாச அறிக்கையிலும் இல்லை என்பது அவர்கள் நிலை.

இரண்டாவது சட்டம் பற்றியது. சபையின் அமைப்புச் சட்டத்தை மாற்ற வட்டார மன்றங்களின் ஒப்புதல் தேவை. ஆகவே பொதுப் பேரவை தானாக ஓர் அறிவிப்பின் மூலம் புதிய கட்டுப்பாட்டைப் போதகர்மேல் சுமத்த முடியாது என்றனர். இந்த வாதத்தை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பின் இதே வாதத்தை எதிர்த்தரப்பு எடுத்துக்கொண்டது.

கிரஷாம் மேச்சன்

பழமைத் தரப்பின் முதன்மையான அறிஞர் ஜான் கிரஷாம் மேச்சன். 1881-இல் பால்டிமோர் நகரில் பிறந்தவர். 1905-06-இல் ஜெர்மனியில் படித்தபோது, வில்ஹெல்ம் ஹெர்மன் என்ற தாராளவாத இறையியலாளரின் பக்தியால் பெரிதும் ஈர்க்கப்பட்டு விசுவாசத்தில் தடுமாறினார். எனவே தாம் பின்னர் எதிர்த்த கருத்தின் கவர்ச்சியை அவர் உள்ளிருந்தே அறிந்தவர். 1906 முதல் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்தார். அவர் எழுதிய கிரேக்க மொழிப் பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்பட்டது.

1923-இல் வெளியான 'கிறிஸ்தவமும் தாராளவாதமும்' என்ற நூலில் மேச்சன் தம் கருத்தைத் தெளிவாக வைத்தார். கிறிஸ்தவம் ஓர் உணர்வோ ஒழுக்க நெறியோ மட்டுமன்று; வரலாற்றில் நடந்த நிகழ்ச்சிகளின் மேல் அது நிற்கிறது. கல்லறை வெறுமையாக இருந்ததா இல்லையா என்பதை விளக்கக் கொள்கை என்று ஒதுக்க முடியாது. நிகழ்ச்சியை நீக்கிவிட்டால் எஞ்சுவது வேறொரு மதம் என்றார். ஒரு போதகர் விசுவாச அறிக்கையை நம்பாமலே அதை ஏற்பதாக வாக்குறுதி கொடுப்பது நேர்மையன்று என்பது அவரது இரண்டாவது குற்றச்சாட்டு.

அதே மேச்சன் மதுவிலக்குச் சட்டத்தை ஆதரிக்கும் தீர்மானத்துக்கு 1926-இல் தம் வட்டார மன்றத்தில் எதிராக வாக்களித்தார். வேதம் கட்டளையிடாத ஒரு சட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது திருச்சபையின் வேலை அன்று என்பது அவர் எண்ணம். இது அவருடைய பதவி உயர்வுக்கே தடையாயிற்று. 1929-இல் பிரின்ஸ்டன் கல்லூரி நிர்வாகம் மாற்றி அமைக்கப்பட்டு, ஆபர்ன் அறிக்கையில் கையெழுத்திட்ட இருவர் புதிய குழுவில் இடம்பெற்றனர். மேச்சன் விலகி, பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியைத் தொடங்கினார். முதலாண்டில் 50 மாணவர்கள் சேர்ந்தனர்.

மிஷனெரிப் பணி குறித்த பூசல்

1932-இல் 'மிஷன்கள் பற்றி மறுசிந்தனை' என்ற அறிக்கை வெளியானது. ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் வில்லியம் எர்னெஸ்ட் ஹாக்கிங் தலைமையிலான குழு இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளின் மிஷனெரிப் பணியை ஆராய்ந்து எழுதியது. பிற மதங்களை மாற்ற முயல்வதைவிட அவற்றோடு சேர்ந்து உண்மையைத் தேடுவதே மிஷனெரியின் வேலை என்பது அதன் போக்கு. சீனாவில் பிரெஸ்பிட்டேரியன் மிஷனெரியாக இருந்த நாவலாசிரியர் பேர்ல் பக் அதை வரவேற்றார். எதிர்ப்புக்கிடையே 1933-இல் அவர் மிஷனெரிப் பொறுப்பிலிருந்து விலகினார். இதே கேள்வி 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டிலும் பெரும் விவாதமாயிற்று.

சபையின் வெளிநாட்டு மிஷன் வாரியம் இந்தப் போக்கை உறுதியாக மறுக்கவில்லை என்று மேச்சன் குற்றம்சாட்டினார். 1933 பொதுப் பேரவை அவர் முறையீட்டைத் தள்ளியது. உடனே அவரும் நண்பர்களும் சுதந்திர மிஷன் வாரியம் ஒன்றை நிறுவினர்.

ஆணையும் விசாரணையும்

1934-இல் பொதுப் பேரவை, அந்த வாரியத்திலிருந்து எல்லாப் போதகரும் விலக வேண்டும் என ஆணையிட்டது. சபையின் அதிகாரபூர்வமான மிஷன் பணிக்குக் காணிக்கை கொடுக்க மறுப்பவர், திருவிருந்தில் பங்கெடுக்க மறுப்பவருக்குச் சமம் என்றும் அது கூறியது.

மேச்சன் மறுத்தார். சபைச் சகோதரர்களுக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படிவதாகவே தாம் வாக்களித்ததாகவும், வேதத்துக்கும் அமைப்புச் சட்டத்துக்கும் அப்பாற்பட்ட ஆணைக்கு அந்த வாக்கு பொருந்தாது என்றும் வாதிட்டார். 1935 மார்ச் மாதம் அவரை விசாரித்த குழு, ஆணை சட்டப்படி செல்லுமா என்ற வாதத்தையும், மிஷன் வாரியத்தின் உபதேசம் பற்றிய வாதத்தையும் கேட்க மறுத்தது. கீழ்ப்படிந்தாரா இல்லையா என்பது மட்டுமே விசாரிக்கப்பட்டது. அவர் போதகப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். 1936 பொதுப் பேரவை தீர்ப்பை உறுதிசெய்தது.

பேரவை தன் ஆணையால் மனச்சாட்சியைக் கட்ட முடியாது என்று 1924-இல் சொன்னது தாராளவாதத் தரப்பு. 1934-இல் சொன்னது பழமைத் தரப்பு. 1910-இன் அறிவிப்பைக் கொண்டு பழமைத் தரப்பு எதிர்த்தரப்பினரைச் சபையிலிருந்து நீக்க முடியவில்லை. 1934-இன் ஆணையோ மேச்சனின் பதவியைப் பறித்தது.

புதிய சபை

1936 ஜூன் 11 அன்று பிலடெல்பியாவில் 34 போதகர்களும் 17 மூப்பர்களும் கூடிப் புதிய சபையை அமைத்தனர். மேச்சன் அதன் முதல் பேரவைத் தலைவர். வெளியேறிய சபைகள் பல, தாங்கள் ஆராதித்த கட்டடங்களை இழந்தன. மேச்சனோடு தோளோடு தோள் நின்ற கிளாரன்ஸ் மெக்கார்ட்னி போன்றோர் பழைய சபையிலேயே தங்கிவிட்டனர். உள்ளிருந்து போராடுவதே கடமை என்பது அவர்கள் எண்ணம்.

ஆறு மாதத்தில் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்தது. வடக்கு டகோட்டா மாநிலத்தின் சிறு சபைகளைத் திடப்படுத்தக் கடுங்குளிரில் சென்ற மேச்சன், நிமோனியா கண்டு 1937 ஜனவரி 1 அன்று பிஸ்மார்க் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. இறக்குமுன் தம் சக ஆசிரியர் ஜான் மரேக்கு அவர் அனுப்பிய தந்தி, கிறிஸ்துவின் செயல்வழிக் கீழ்ப்படிதலுக்காக நன்றி கூறியது. கிறிஸ்து பாவத்தின் தண்டனையைச் சுமந்ததோடு, மனிதர் நிறைவேற்றத் தவறிய நியாயப்பிரமாணத்தை அவர்களுக்காகத் தாமே முழுமையாக நிறைவேற்றினார் என்பது இக்கோட்பாடு. வாழ்நாள் முழுதும் கற்பித்த உபதேசமே மரணப் படுக்கையில் அவருக்கு ஆறுதலாக இருந்தது.

1937-இலேயே சபை பிளந்தது. மது அருந்தாமையைச் சபை வலியுறுத்த வேண்டும் என்றும், கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சிக்கு முன்பே அவர் வருவார் என்ற கருத்துக்கு உறுதியான இடம் வேண்டும் என்றும் கேட்ட கார்ல் மெக்கின்டயர் தரப்பினர் பிரிந்து பைபிள் பிரெஸ்பிட்டேரியன் சபையை அமைத்தனர். முதலில் 'அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை' எனப் பெயரிடப்பட்டிருந்த மேச்சனின் சபை, தாய்ச்சபை தொடுத்த வழக்கின் காரணமாக 1939-இல் இன்றைய பெயரை ஏற்றது.

கோட்பாட்டு நிலைப்பாடுகள்

வேதாகமம் மூலப் பிரதிகளில் பிழையற்றது, விசுவாசத்துக்கும் வாழ்வுக்கும் அதுவே இறுதி அதிகாரம் என்று இச்சபை அறிக்கையிடுகிறது. இரட்சிப்பு முழுவதும் தேவ கிருபையால் வருவது. தேவன் தமக்குரியவர்களை முன்குறித்திருக்கிறார். மனிதன் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. விசுவாசிகளின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. போதகர், மூப்பர், உதவிக்காரர் பதவிகள் ஆண்களுக்கு மட்டுமே. 1903-இல் தாய்ச்சபை விசுவாச அறிக்கையில் சேர்த்த இரண்டு அதிகாரங்களை இச்சபை ஏற்கவில்லை.

ஆனால் எல்லாரிடமும் இவை யாவற்றையும் இச்சபை கேட்பதில்லை. பதவி வகிப்போர் விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும். சாதாரண உறுப்பினரோ கிறிஸ்துவின்மேல் தமக்குள்ள விசுவாசத்தை அறிக்கையிட்டால் போதும். ஆதியாகமத்தின் படைப்பு நாட்கள் குறித்து 2004-இல் பேரவைக்கு அளிக்கப்பட்ட ஆய்வறிக்கை, ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை எடுத்துரைத்தது.

மதிப்பீடு

இச்சபையின் பிரிவைத் தேவையற்ற கடினம் என்று விமர்சிப்போர் உண்டு. சிறு குழுக்களாக மேலும் மேலும் பிளந்ததை அவர்கள் சான்றாகக் காட்டுவர். தாய்ச்சபை 1967-இல் புதியதோர் அறிக்கையை ஏற்று, பல அறிக்கைகள் அடங்கிய தொகுப்பு ஒன்றை அமைத்து, அபிஷேக வாக்குறுதியின் சொற்களையும் மாற்றிக்கொண்டது. நம்பாததை ஏற்பதாகச் சொல்லும் நிலை நேரக்கூடாது என்று மேச்சன் கேட்டதற்கு அதுவும் ஒரு வகையில் விடைதான். ஒரு சபை வாக்குறுதியை மாற்றியது. மற்றது வாக்குறுதியைக் காக்கக் கட்டடங்களையும் நண்பர்களையும் விட்டு வெளியேறியது. கொடுத்த வாக்குக்குப் பொருள் இருக்க வேண்டும் என்பதை, இரு சபைகளும் தத்தம் வழியில் ஒப்புக்கொண்டன.