சுவரில் தோன்றிய எழுத்து

ஆங்கில ஏடுகளில் 'சுவரில் தோன்றிய எழுத்து' என்று பொருள்படும் மரபுத்தொடரொன்று அடிக்கடி வழங்குகின்றது. வரவிருக்கும் கேட்டின் அறிகுறியைக் குறிப்பது அது. பூனை குறுக்கே சென்றாலும் ஆந்தை அலறினாலும் அதனை எழுதிவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அவை சகுனங்கள்; இத்தொடரோ வேறு.

விவிலியத்தின் தானியேல் ஆகமத்தில் இதன் பிறப்பைக் காணலாம். பாபிலோனில் பெல்ஷாத்சார் மன்னன் விருந்தில் களித்திருந்தபோது, ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதிற்று. ஞானியர் எவராலும் அதனைப் படிக்க இயலவில்லை. தானியேல் படித்துப் பொருள் உரைத்தான். அன்றிரவே மன்னன் மாண்டான். ஆகவே எழுத்து கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். அதன் பொருளும் உரைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதன் பின்னும் விருந்து தொடருமாயின், அங்கே இத்தொடர் முற்றும் பொருந்தும் என்பது என் துணிபு.

இதற்கு நம் மலைநாட்டு வரலாற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை படர்ந்த சரிவுகள் பலவற்றில் ஒரு காலத்தே கோப்பிச் செடிகளே நின்றன. 1869ஆம் ஆண்டில், ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் துவேட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்னும் காளான் நூல் வல்லுநர் அவற்றை ஆராய்ந்து, அதே ஆண்டில் 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். வஸ்டாட்ரிக்ஸ் எனும் இலத்தீன் சொல்லுக்குப் 'பாழாக்குவது' என்பது பொருள். எழுத்தும் அதன் உரையும் ஒரே ஆண்டில் கிடைத்துவிட்டன!

ஆயினும் விருந்து நின்றதா? இல்லை. மறு ஆண்டில் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைக் கடந்தது. விளைச்சல் குன்றத் தொடங்கிய பின்னரும் உலகச் சந்தையில் விலை ஏறிற்று. அவ்விலையேற்றம் நோயை மறைத்தது. டிம்புளை, டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் மேலும் வெட்டப்பட்டன. 1878 அளவில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் நின்றது. 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், நோய்த்தூளைக் காற்றே சுமந்து செல்கின்றது என்றும், ஒரே பயிர் பரந்து நிற்பது அதற்கு வழிதிறந்து விடுகின்றது என்றும் விளக்கினார். காலம் கடந்திருந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. லூல்கந்துறையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் நட்டிருந்த தேயிலையே பின்னர் மலையெங்கும் பரவியது.

அச்செம்மஞ்சள் தூள் முதலில் ஒட்டியது தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் விரல்களிலே ஆகலாம். அவருட் பெரும்பாலோர் கோப்பி அறுவடைக்கு வந்து ஊர் திரும்பியவர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கக் கை கேட்டது. அவர்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்தனர்.

அம்மக்களின் வரலாற்றிலும் இத்தொடருக்கு இடமுண்டு. எந்த இடம் என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைச் 'சுவரில் தோன்றிய எழுத்து' என்று எழுதுவது பிழை. அது மன்னன் மாண்ட இரவு. சர்வசன வாக்குரிமை வந்த 1931இலேயே, தோட்டத் தொழிலாளர் இந்நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பதை மெய்ப்பித்தால்தான் வாக்கு என விதித்தார்களே, அதுவே எழுத்து.