ஒரே பேரு, ரெண்டு சிப்பு: டிரைவர் இடம் மாறின கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச வரலாறு. பொட்டி தட்டாத மக்களும் தைரியமா உள்ள வரலாம், நிரல் ஒரு வரி கூட கிடையாது :-)

2012-ல சாம்சங் காலக்ஸி எஸ்3 வந்துச்சு. சைதாப்பேட்டையில என் கையில இருந்த ஐ9300-க்குள்ள சாம்சங்கோட சொந்த சிப், எக்சினோஸ் 4412. அதே பேர்ல, அதே முகத்தோட அமெரிக்காவுல வித்த போனுக்குள்ள குவால்காமோட ஸ்னாப்டிராகன் எஸ்4. ரெண்டுலயும் ஆண்ட்ராய்டு, ரெண்டுலயும் லினக்ஸ் கெர்னல். அப்போ அங்க ஓடுற டிரைவரை இங்க தூக்கிப் போட்டா ஓடணுமில்ல? ஓடாது.

டிரைவர்ங்கறது கெர்னலுக்கும் வன்பொருளுக்கும் நடுவுல நிக்கிற துபாஷி. விரல் பட்ட சேதி எந்தக் கம்பி வழியா வரும், தொடுதிரைக்கு மின்சாரம் எங்கேர்ந்து வரும், போன் தூங்கும்போது யார் அணைக்கணும்? இதெல்லாம் சிப்புக்கு சிப் மாறும். கம்ப்யூட்டர்ல யுஎஸ்பி-யில மாட்டின சாதனம், கேட்டா தன் பேரைச் சொல்லிடும். போன்ல ஐ2சி கம்பியில உக்காந்திருக்கறது வாயே திறக்காது. வேற யாராவது சொல்லி வைக்கணும்.

ஆரம்பத்துல அதை ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா கெர்னலுக்குள்ளயே எழுதி வச்சாங்க. குப்பை மலையாச்சு. 2011 மார்ச்சுல லினஸ் டோர்வால்ட்ஸ் ஏஆர்எம் பக்கத்து ஆளுங்களைத் திட்டித் தீர்த்துட்டார். அதுக்கப்புறம் பவர்பிசி-யில ஏற்கெனவே புழங்கின 'டிவைஸ் ட்ரீ' ஏஆர்எம்-லயும் வேகமாப் பரவுச்சு. டிரைவர் தனி, எது எங்க இருக்குங்கற பட்டியல் தனி. 2012 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 3.7, ஒரே கெர்னல் பல கம்பெனி ஏஆர்எம் சிப்புகள்ல கிளம்ப வழி பண்ணுச்சு.

இதெல்லாம் ஏதோ பொட்டி தட்டுறவங்க பிரச்சினைன்னு விட்டுடாதீங்க. போனோட ஆயுசே இதுலதான் இருக்கு. 2011-ல வந்த காலக்ஸி நெக்சஸ்ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட ஓமாப் சிப். 2012-ல அந்தக் கம்பெனி போன் சிப் தொழிலை விட்டு ஒதுங்கிச்சு. 2013-ல ஆண்ட்ராய்டு 4.4 இதுக்குக் கிடையாதுன்னு கூகுள் சொல்லிடுச்சு. 18 மாசக் கெடு முடிஞ்சதுன்னு காரணம் சொன்னாங்க. ஆனா சிப்காரர் கடையைச் சாத்தின பிறகு புது கெர்னலுக்கு டிரைவரை யார் தைச்சுக் குடுப்பாங்க?

எஸ்3-க்கு ஜிபிஎல் உரிமத்தால கெர்னல் நிரல் வெளிய வந்துச்சு. ஆனா கிராஃபிக்ஸுக்கான மாலி-400 மென்பொருள்ல பெரும்பகுதி மூடின பெட்டி. எக்சினோஸுக்கு ஒழுங்கான ஆவணம் இல்லைன்னு சயனோஜென்மாட் ஆளுங்க வெளிப்படையாவே நொந்துக்கிட்டாங்க. நிரல் இருந்தும் விளக்கம் இல்லைன்னா, பூட்டு இருக்கு சாவி இல்லைங்கற கதைதான்.

ஆனா ஆர்வலர்கள் விடலை. ஐ9300-க்கான டிவைஸ் ட்ரீ லினக்ஸ் மூலத்துலயே ஏறிடுச்சு. மாலி-400-க்கு 'லிமா'ங்கற திறந்த டிரைவர் 2019-ல லினக்ஸ் 5.2-ல சேர்ந்துச்சு. அதுக்குள்ள கம்பெனி அந்தப் போனை மறந்து பல வருஷம்!

கூகுளும் பின்னாடியே வந்துச்சு. 2017-ல ட்ரெபிள் மூலமா ஆண்ட்ராய்டையும் சிப்காரர் பகுதியையும் பிரிச்சாங்க. ஆண்ட்ராய்டு 12 காலத்துல, கெர்னல் 5.10-லேர்ந்து பொதுக் கெர்னல் ஒண்ணு, சிப்புக்கான டிரைவர்கள் தனித்தனி மாட்யூல்னு ஆச்சு.

நம்ம ஊர்லயும் இதுக்கு ஒரு கிளை இருக்கு. சைதாப்பேட்டையிலேர்ந்து மறைமலையடிகள் பாலம் தாண்டி கிண்டிப் பக்கம் போனா ஐஐடி. அங்க வடிவமைச்ச சக்தி சிப் 2018-ல லினக்ஸை ஓட்டிக் காட்டுச்சு. போன் சிப் இல்லை, ரிஸ்க்-வி வகை. அந்த வகையிலயும் வன்பொருள் விவரத்தை கெர்னலுக்குச் சொல்றது டிவைஸ் ட்ரீதான். கூடவே சிப் வடிவமைப்பையே திறந்து வச்சிருக்காங்க. என் கட்சி இதுதான்: விளக்கத்தை மறைக்காம குடுங்க, டிரைவர் எழுத ஆள் தானா வருவாங்க.

உங்க மேசை டிராயர்ல எந்தப் போன் தூங்குது? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.