பேறுகால விடுப்பு: பாபாசாகேப் கேட்டதும் கிடைத்ததும்

மகப்பேறு விடுப்பை யாரோ கொடுத்த சலுகையாகவே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1928 ஜூலையில், ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை பம்பாய் சட்டசபையில் ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கு அரசுடையது என்றார். அரசு தராதபோது முதலாளி தரட்டும். பெண்களை வேலைக்கு வைத்து லாபம் பார்ப்பவர் அவர்தானே என்றும் வாதிட்டார்.

1929இல் சட்டம் வந்தது. பணம் தரவேண்டியவர் முதலாளி மட்டுமே, அதுவும் ஆலைக்குள்தான். வயலில் கூலிக்குப் போன நம் பெண்கள் அதற்கு வெளியே நின்றார்கள்.

1961 சட்டமும் முதலாளியையே கைகாட்டியது. 2017இல் முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் ஆனது, நல்லதுதான். ஆனால் தோழர்களே, ஒப்பந்தத்தில் குப்பை அள்ளும் அக்காவுக்கு முதலாளி யார்? நகராட்சியைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் காட்டுகிறது. ஒப்பந்ததாரர் நகராட்சியைக் காட்டுகிறார்.