ஒரு கோட்டின் கீழ் இரு தலைமுறை

1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து வென்றார். ஆசிய விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது பொற்பதக்கம் அதுவே. முதுகு வளைத்துப் பாயும் முறையை உலகம் அறிந்ததோ 1968இலேதான்.

அவ்வுயரத்தை எமது பாடசாலைச் சுவரில் மாணவர் வெண்கட்டியாற் குறித்தனர். அங்கு வந்த முதியவர் ஒருவர் அதனை அண்ணாந்து நோக்கி, “ஆறடி எட்டங்குலம்!” என்றார். “ஐயா, அன்று ஊர் என்ன செய்தது?” என வினவினான் ஒரு சிறுவன். பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க, முற்றம் நிறைந்து மக்கள் கேட்டு ஆரவாரித்ததை அவர் விரித்துரைத்தார். அடியில் அளந்தவரும் மீற்றரில் அளப்போரும் ஒரே கோட்டின் கீழ் நின்றனர்.

1996இல் லாகூரில் நம் நாடு வென்ற உலகக் கிண்ணமும் இன்றைய மாணவருக்குப் பழங்கதையே. அதனைக் கண்டு களித்த நாமும் கதை சொல்வோர் வரிசையிற் சேர்ந்துவிட்டோம்.

எதிர்வீரசிங்கம் 2024இல் மறைந்தார். அவர் பாய்ந்த உயரத்தை ஏடுகள் காக்கும். ஊர் கொண்ட உவகையையோ முதியோர் நாவே காக்கும். கேட்பாரில்லையேல் அதுவும் அவர்களோடு மறையும். ஆதலின், இளைஞர்காள், இன்றே கேளுங்கள்.