கிட் மூலநிரலில் தலைப்புக் கோப்புச் சீரமைப்பு

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் சி மூலநிரலில் 'கேச்.எச்' என்ற பெருந்தலைப்புக் கோப்பு பல சிறு கோப்புகளாகப் பிரிக்கப்பட்டு, 2023இல் முற்றிலும் நீக்கப்பட்டது. எலைஜா நியூரென் இப்பணியை முன்னின்று செய்தார். பலர் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருக்கும் திறந்த மூலத் திட்டத்தில், அன்றாட வேலையை நிறுத்தாமலே அடித்தளத்தைத் திருத்தலாம் என்பதற்கு இது சிறந்த சான்று.

பின்னணி

சி மொழியில் ஒவ்வொரு மூலக்கோப்பும் தனித்தனியே தொகுக்கப்படுகிறது. தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் 'இன்க்ளூட்' வரி இருக்கும் இடத்தில் முன்செயலி அக்கோப்பின் உரை முழுவதையும் கொண்டுவந்து வைக்கிறது. அது வேறு தலைப்புகளைச் சேர்த்திருந்தால் அவையும் உடன் வரும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் பதிந்த கிட்டின் முதல் கமிட்டிலேயே கேச்.எச் இருந்தது, அன்று அதுவே ஒரே தலைப்புக் கோப்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல கோப்புப் பாதை, சூழல் மாறிகள், ஆப்ஜெக்ட் பெயர்கள், இன்டெக்ஸ் என ஒன்றுக்கொன்று தொடர்பற்ற அறிவிப்புகள் அதில் குவிந்தன.

சிக்கல்

கேச்.எச்சை ஒருமுறை சேர்த்தால் ஏறக்குறைய எல்லாமே கிடைத்ததால், ஒரு மூலக்கோப்பு உண்மையில் எதைச் சார்ந்திருக்கிறது என்பது தெரியாமல் போயிற்று. அதில் ஒரு வரி மாறினாலும் திட்டத்தின் பெரும்பகுதியை மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. கிட்டின் சில பகுதிகளை மட்டும் தனி நூலகமாகப் பிரித்தெடுக்கும் முயற்சிக்கும் இந்தப் பின்னல் தடையாக இருந்தது.

முறை

பணி பல பேட்ச் (திருத்தத் துண்டு) தொடர்களாக நடந்தது. முதலில் தேவையற்ற இன்க்ளூட் வரிகள் களையப்பட்டன. அடுத்து, வேறு தலைப்பின் வழியாக மறைமுகமாகக் கிடைத்துவந்தவற்றை அந்தந்த மூலக்கோப்பே நேரடியாகச் சேர்க்கும்படி செய்யப்பட்டது. அதன் பிறகே செயற்கூறு அறிவிப்புகள், அவற்றின் வரையறை உள்ள மூலக்கோப்பின் பெயரையே கொண்ட தலைப்புகளுக்குக் குழு குழுவாக நகர்ந்தன. ஒரு கட்டமைப்பின் சுட்டி மட்டும் போதுமான இடங்களில், முழு வரையறைக்குப் பதிலாக முன்னறிவிப்பு போதும் என்பதும் சார்புகளைக் குறைக்க உதவுகிறது.

ஒவ்வொரு கமிட்டும் தனித்துத் தொகுபட வேண்டும் என்பது இத்தகைய பணியின் அடிப்படை ஒழுங்கு. அது குலைந்தால், பிழை நுழைந்த கமிட்டை இருகூறாக்கித் தேடும் 'பைசெக்ட்' வசதி பயனற்றுப்போகும். ஒவ்வொரு தலைப்பும் தனியாகவே தொகுபடுகிறதா என்று பார்க்க கிட்டின் மேக்ஃபைலில் 'எச்டிஆர்-செக்' என்ற சோதனையும் உண்டு.

இணைப்பின்போது எழும் இடர்

ஒருவர் ஓர் அறிவிப்பைப் புதிய தலைப்புக்கு நகர்த்துகிறார். மற்றொருவரின் கிளையில், பழைய தலைப்பை நம்பிய புதிய நிரல் இருக்கிறது. இரண்டையும் இணைக்கையில் உரை மோதல் எதுவும் தோன்றாது. ஆனால் தொகுப்பு முறியும். மாற்றங்களைச் சிறு தொடர்களாக அனுப்பி, ஒன்று நிலைபெற்ற பின் அடுத்ததைத் தொடங்குவது இந்த இடரைக் கட்டுக்குள் வைக்கிறது.

லினக்ஸ் கருவகத்தின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அங்கே 'ஷெட்.எச்' தலைப்பை 2017இல் பல கோப்புகளாகப் பிரித்த மாற்றம் ஏற்கப்பட்டது. கருவக நிரலாளர் இங்கோ மோல்னார் 2022 ஜனவரியில் வெளியிட்ட, 2,200க்கும் மேற்பட்ட பேட்ச்கள் கொண்ட 'வேகத் தலைப்புகள்' தொகுதியோ முழுமையாக இணைக்கப்படவில்லை.

விளைவு

இன்று கிட்டின் மூலக்கோப்புகள், இயங்குதள வேறுபாடுகளை மறைக்கும் 'கிட்-கம்பாட்-யூட்டில்.எச்' தலைப்பை முதலில் சேர்த்து, பிறகு தமக்கு வேண்டியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கின்றன. புதிதாக வருபவர் அவ்வரிகளைப் படித்தே கோப்பின் சார்புகளை அறியலாம். பிரித்தவை எல்லாம் பிரிந்தே இருக்கவில்லை: சார்புகளைக் குறைக்க 2023இல் தனியாக்கப்பட்ட 'ஹேஷ்-எல்எல்.எச்', அதற்கான காரணம் நீங்கியதும் 2024இல் மீண்டும் 'ஹேஷ்.எச்' கோப்புடன் சேர்க்கப்பட்டது. படிப்படியான சீரமைப்பில் இடைக்கால ஏற்பாடுகளைத் திரும்பப் பெறுவதும் ஒரு படியே.