சுயேச்சை மேயரும் வெள்ளை மாளிகையும்: புளூம்பெர்க் குறித்த ஐயத்தின் வரலாற்று வேர்கள்

2007 ஜூன் 19 அன்று நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் குடியரசுக் கட்சியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவர் சுயேச்சையாக நிற்பாரா என்ற ஊகம், 2008 பிப்ரவரி இறுதியில் அவரே மறுத்து எழுதும் வரை ஓயவில்லை. ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிய சொந்தச் சொத்து, திறமையான நிர்வாகி என்ற பெயர், இரு பெரும் கட்சிகள் மீதும் வாக்காளருக்கு ஏற்பட்டிருந்த சலிப்பு ஆகியவை போதும் என ஆதரவாளர்கள் நம்பினர். நம்பாதவர்களோ பெரும்பாலும் ஆளையே எடைபோட்டனர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்தும் நியூயார்க்காரர் தென் மாநிலங்களில் எடுபட மாட்டார் என்றனர். ஆனால் ஐயத்துக்கு இதைவிட உறுதியான அடிப்படை ஒன்று உண்டு. 1804இல் நடைமுறைக்கு வந்த 12ஆம் அரசியலமைப்புத் திருத்தமும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களை ஒதுக்க அதன்பின் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தழுவிய முறையும் சேர்ந்து, யார் நின்றாலும் சுயேச்சைக்கு வழியை அடைத்துவிட்டன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், நகரில் அவர் பெற்ற வெற்றிகளையே கட்சி சாராத வெற்றிகள் என்று கொள்வது சரியல்ல. நெடுங்காலம் ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்த அவர், 2001 மேயர் தேர்தலுக்காகவே குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். நியூயார்க் சட்டப்படி ஒரே வேட்பாளர் வாக்குச்சீட்டில் பல கட்சிகளின் வரிசையில் நிற்கலாம். எல்லா வரிசைகளின் வாக்குகளும் கூட்டப்படும். அந்த ஆண்டு அவர் வென்ற வித்தியாசம் சுமார் 35,000. சுதந்திரக் கட்சி என்ற சிறு கட்சியின் வரிசையில் விழுந்த வாக்குகள் அதைவிட அதிகம். கட்சியை விட்டு விலகிய பிறகும், 2009இல் மூன்றாம் முறை நின்றபோது குடியரசுக் கட்சியின் வரிசையைக் கேட்டுப் பெற்றே நின்றார். பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டும் வித்தியாசம் ஐந்து விழுக்காட்டை எட்டவில்லை.

நியூயார்க் மேயர் ஒருவர் வெள்ளை மாளிகையை நெருங்கிய காலமும் இருந்தது. 1812இல் பதவியிலிருந்த மேயர் டிவிட் கிளின்டன், அதிபர் மாடிசனை எதிர்த்து 89 தேர்வாளர் வாக்குகள் பெற்றார், மாடிசனுக்கு 128. கிளின்டனுக்குத் தோள்கொடுத்தவை சொந்தக் கட்சியின் அதிருப்தி அணியும் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளும்தான். அன்று பல மாநிலங்களில் தேர்வாளர்களைச் சட்டமன்றங்களே நியமித்ததால், தலைவர்களின் உடன்பாடே வாக்காக மாறியது. 1836க்குள் தென் கரோலினா தவிர எல்லா மாநிலங்களும் மக்கள் வாக்கில் முதலிடம் பெற்றவருக்கே எல்லாத் தேர்வாளர்களையும் தரும் முறைக்கு மாறின. இன்று மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டுமே விலக்கு. இம்மாற்றத்தின் விளைவை இரு தேர்தல்கள் துல்லியமாகக் காட்டுகின்றன. 1968இல் மூன்றாம் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் 13.5 விழுக்காடு வாக்குடன் 46 தேர்வாளர்களைப் பெற்றார். அவரது ஆதரவு தெற்கில் குவிந்திருந்தது. 1992இல் தன் பணத்தையே கொட்டி நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோவுக்கு 18.9 விழுக்காடு, ஏறத்தாழ 1.97 கோடி வாக்குகள். நாடெங்கும் பரவிக் கிடந்த அந்த ஆதரவுக்கு ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. புளூம்பெர்க்கிடம் மக்கள் விரும்பிய நடுநிலை, பெரோவின் ஆதரவைப் போலப் பரவும் இயல்புடையது. அது எங்கேனும் குவியுமானால் நியூயார்க்கிலும் அதன் அண்டை மாநிலங்களிலும்தான் குவியும். அப்போது ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள்தான் உடையும்.

பெரோ 1992 ஜூனில் கருத்துக்கணிப்புகளில் முதலிடத்தில் இருந்தாரே, ஜூலையில் விலகி அக்டோபரில் திரும்பிய குழப்பம்தானே அவரைக் கெடுத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் குழப்பம் இல்லாமல் அவர் சில மாநிலங்களை வென்றிருக்கவும் கூடும். ஆனால் பெரும்பான்மையான 270 தேர்வாளர்கள் யாருக்கும் கிடைக்காவிட்டால் 12ஆம் திருத்தப்படி முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மக்கள்தொகை எதுவானாலும் மாநிலத்துக்கு ஒரே வாக்கு, வெல்ல 26 வேண்டும். 1824இல் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர்களுடன் முன்னிலையில் இருந்தும், 84 பெற்ற ஜான் குவின்சி ஆடம்ஸையே சபை தேர்ந்தெடுத்தது. கட்சியே இல்லாதவருக்காக அந்தச் சபையில் யார் எழுந்து நிற்பார்? வெல்ல மாட்டார் என்று ஓயாமல் சொல்வதே தோல்வியை உண்டாக்குகிறது என்ற மறுப்பிலும் ஓரளவு உண்மை உண்டு. சில தடைகள் விலகவும் செய்தன: வாக்குச்சீட்டில் இடம்பெறுவதற்கு இருந்த தடைகளை 1968, 1983 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தளர்த்தின. பெரோ 50 மாநிலங்களின் சீட்டிலும் இடம்பெற்றார். ஆயினும் வாக்குகளை எண்ணும் விதி இம்மியும் மாறவில்லை. நம்பிக்கை வாக்கைக் கூட்டலாம். சிதறிய வாக்கைத் தேர்வாளராக்க அதனால் முடியாது.

2016 மார்ச்சில் மீண்டும் ஒதுங்கியபோது புளூம்பெர்க்கே இக்கணக்கைத்தான் முன்வைத்தார்: மும்முனைப் போட்டி முடிவைச் சபைக்குத் தள்ளி, குடியரசுக் கட்சியின் டிரம்ப் அல்லது குரூஸ் அதிபராக வழிசெய்துவிடும் என்றார். 2018இல் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு நவம்பரில் அதன் உட்தேர்தலில் இறங்கினார். ஏறத்தாழ நூறு கோடி டாலர் கரைந்தும் அவர் முதலிடம் பிடித்த ஒரே இடம் மாநிலமல்லாத அமெரிக்க சமோவா. இது அவரது பலவீனத்தைத்தானே காட்டுகிறது எனலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கட்சியின் உட்தேர்தலில் 15 விழுக்காட்டை எட்டியவருக்கு விகிதப்படி பிரதிநிதிகள் உண்டு. அதனால் ஒரு மாநிலத்திலும் முதலிடம் பெறாத புளூம்பெர்க் மாநாட்டுப் பிரதிநிதிகள் சில பத்துப் பேரைப் பெற்றார். கிட்டத்தட்ட இரண்டு கோடி பேர் வாக்களித்த பெரோவுக்கோ ஒரு தேர்வாளரும் கிடைத்திருக்கவில்லை.